உதவிக்கு வந்த படை

இலங்கையின் மாதோட்டத் துறையில் கப்பல்கள் தயாராக நின்ற நேரத்தில் மதுரையிலிருந்து செய்தி வந்தது. யாரைக் காப்பாற்றப் படை கிளம்பியதோ, அந்தப் பராக்கிரம பாண்டியன் உயிரோடு இல்லை. நகரை முற்றுகையிட்டிருந்த குலசேகர பாண்டியன் உள்ளே புகுந்து, அவனையும் மனைவி மக்களையும் கொன்றுவிட்டு அரியணையில் அமர்ந்துவிட்டான்.

உதவி கேட்டவனே போய்விட்டான். படை கலைந்து ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் உத்தரவு வேறாக இருந்தது. மதுரையைப் பிடித்து, இறந்தவனின் வழியில் வந்த ஒருவனுக்கு முடிசூட்ட வேண்டும். தளபதி லங்காபுர தண்டநாயகன் கடல் கடந்தான். 1160களின் இறுதியில் நடந்த இந்தப் படையெடுப்பை இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் விரிவாகச் சொல்கிறது.

பாண்டியர்களின் பங்காளிச் சண்டைக்குள் அயல் வீட்டுப் படை ஏன் நுழைகிறது என்ற கேள்விக்கு மாதோட்டத்தில் எடுத்த அந்த முடிவே விடை என்பேன். அழைப்பு ஒரு சாக்கு. பராக்கிரமபாகுவுக்குச் சொந்தக் கணக்கு இருந்தது. முதலாம் இராசராசன் காலம் தொடங்கி முக்கால் நூற்றாண்டு இலங்கையின் வடபகுதி சோழ மண்டலமாக இருந்தது. பராக்கிரமபாகு அமர்ந்து ஆண்ட பொலன்னறுவையே ஒரு காலத்தில் சோழர்களின் தலைநகர். மதுரையில் தன் சொல் கேட்கும் பாண்டியன் இருந்தால் சோழனுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு தடுப்பு கிடைக்கும். பாக் நீரிணையும் முத்துக் குளிக்கும் கரைகளும் இரு பக்கமும் நட்புக் கைகளில் இருக்கும்.

வந்தவர்கள் நடந்துகொண்ட விதமும் இதைத்தான் காட்டுகிறது. முதலில் பிடித்தது இராமேசுவரம். அந்தத் தீவிலேயே குந்துகாலத்தில் மதிலும் அகழியுமாக ஒரு கோட்டை கட்டி, அதற்குத் தங்கள் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டார்கள். (பாம்பன் அருகே இன்று விவேகானந்தர் நினைவிடம் உள்ள குந்துகால்தான் அது என்பது பொதுவான கருத்து.) ஒருவனுக்கு முடிசூட்டிவிட்டுத் திரும்பப்போகிறவர்கள் கோட்டை கட்டிப் பெயர் வைக்கமாட்டார்கள். சிறைபிடித்த தமிழர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, அநுராதபுரத்து மகா தூபியைச் செப்பனிடும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள். பாண்டிய நாட்டிலேயே பராக்கிரமபாகுவின் பெயரில் காசும் வழங்கியதாகச் சூளவம்சம் பெருமையோடு குறிக்கிறது. கொலைக்குத் தப்பி மலைநாட்டில் ஒளிந்திருந்த, பராக்கிரம பாண்டியனின் மகன் வீரபாண்டியனை வரவழைத்து முடிசூட்டியது இதற்கெல்லாம் நடுவில்தான்.

தோற்ற குலசேகரன் சோழனிடம் ஓடினான். இரண்டாம் இராசாதிராசன் அவனை ஏற்றுக்கொண்டதை இரக்கம் என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கம் கல்வெட்டு அன்றைய நிலையைப் பதிந்திருக்கிறது. இராமேசுவரம் கோயில் கொள்ளைபோய், பூசை நின்றுவிட்டது. தொண்டி, பாசிப் பகுதிகளில் நடந்த போர்களால் சோழ நாட்டு மக்களிடமும் அச்சம் பரவியது. எதிரிலிசோழச் சம்புவராயன் என்ற தலைவன் கலங்கிப்போய், உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரிடம் முறையிடுகிறான். அவர் இலங்கைப் படை தோற்க வேண்டி 28 நாள் வழிபாடு நடத்துகிறார். பிறகு வெற்றிச் செய்தி வர, ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடையாகத் தருகிறான். கல்வெட்டுகளில் மன்னர்களின் வீரம்தான் அதிகம் கிடைக்கும். ஒரு குறுநிலத் தலைவனின் பயம் இப்படிக் கல்லில் ஏறியிருப்பது அபூர்வம்.

சோழப் படையை நடத்தியவர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமாநம்பி என்ற பல்லவராயர். மயிலாடுதுறைப் பகுதியில் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு முடிவைச் சொல்கிறது. லங்காபுர தண்டநாயகன் உள்ளிட்ட தளபதிகள் கொல்லப்பட்டு, அவர்களின் தலைகள் மதுரைக் கோட்டை வாசலில் அறையப்பட்டன. சூளவம்சத்தில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நூல் வெற்றியோடு நின்றுவிடுகிறது. போர்க்கதையை ஒரு தரப்பின் ஏட்டில் மட்டும் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குலசேகரன் மீண்டும் அரியணை ஏறினான். கதை முடியவில்லை. ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் போன்ற இடங்களில் பராக்கிரமபாகு மறுபடி கப்பல் கட்டிப் படை திரட்டினான். இம்முறை சோழர் அவன் வித்தையை அவனிடமே காட்டினார்கள். இலங்கை அரியணைக்கு உரிமை கோரிச் சோழ நாட்டில் தங்கியிருந்த ஸ்ரீவல்லபன் என்ற அவனுடைய மருமகனைப் படையோடு அனுப்பினார்கள். அவன் ஊர்களை அழித்து, யானைகளைக் கவர்ந்து வந்தான். இந்தச் செய்தியைத் தருவது திருவாலங்காட்டுக் கல்வெட்டு.

வழி அடைபட்ட பராக்கிரமபாகு குலசேகரனையே வளைத்தான். ஓலைகளும் பரிசுகளும் போயின. தனக்கு முடி மீட்டுத் தந்த சோழனை மறந்து, இலங்கையோடு கை கோத்தான் குலசேகரன். சோழனுக்கு வேண்டிய தலைவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே விரட்டினான். மதுரை வாசலில் இருந்த தலைகளையும் எடுத்துவிட்டான். அந்த ஓலைகள் சோழர் கையில் சிக்கின.

அண்ணன் பல்லவராயன் என்ற தளபதியின் தலைமையில் சோழப் படை மீண்டும் மதுரைக்குள் நுழைந்து, குலசேகரனை விரட்டியது. அவனுக்குப் பதில் சோழர் முடிசூட்டியவன் வீரபாண்டியன். எந்த வீரபாண்டியனை அரியணை ஏற்ற இலங்கைப் படை கடல் கடந்து வந்ததோ, எவனை இறக்கச் சோழர் இத்தனை உயிர்களைக் கொடுத்தார்களோ, அதே வீரபாண்டியன்.