வாளியில் பிறந்த விளையாட்டு

2000-ஆம் ஆண்டு மே மாதம் பிறக்கும்வரை ஜி.பி.எஸ். கருவிகள் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. அதுவும் வேண்டுமென்றே. துல்லியமான சிக்னல் எதிரியின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, பொதுமக்களுக்குப் போகும் சிக்னலில் அமெரிக்க ராணுவம் பிழையைக் கலந்து அனுப்பியது. நீங்கள் நிற்கும் இடத்தைக் கருவி 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டும். மே 1 அன்று அதிபர் பில் கிளின்டன் இந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அறிவித்தார். அன்று நள்ளிரவே நின்றது. கையிலிருந்த அதே பழைய கருவி விடிந்தபோது ஏறக்குறையப் பத்து மடங்கு துல்லியமாகியிருந்தது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆரிகன் மாநிலத்து கம்ப்யூட்டர் ஆலோசகர் டேவ் அல்மர் ஒரு வழி கண்டார். எதையாவது காட்டில் ஒளித்துவைத்து, அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் சொல்லிவிட்டால் முன்பின் தெரியாதவரால் கண்டுபிடிக்க முடியுமா? மே 3 அன்று போர்ட்லேண்ட் நகருக்கு வெளியே, பீவர்கிரீக் பக்கம் மரங்களுக்கிடையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே நோட்டு, பென்சில், கொஞ்சம் பணம், புத்தகங்கள், வீடியோ கேசட், மேப் சாஃப்ட்வேர், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். பீன்ஸ் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எண்களை இணையத்தின் பழைய அரட்டைக் களமான யூஸ்நெட்டில் போட்டார். நிபந்தனை சுலபம்: எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ, நோட்டில் எழுது.

மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் ஆள் பக்கத்து வாஷிங்டன் மாநிலத்து மைக் டீக். மற்றவர்களும் ஆங்காங்கே ஒளிக்கத் தொடங்க, அந்த எண்களையெல்லாம் சேர்த்து வைத்தவரும் அவர்தான். இந்த விளையாட்டுக்கு முதலில் வழங்கிய பெயரில் போதைப்பொருள் பதுக்கும் வாடை அடித்ததால், மே மாதக் கடைசியில் மேட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேஷிங்’ என்ற பெயரைச் சொன்னார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்று தளம் தொடங்கியபோது உலகம் முழுக்க இருந்த பெட்டிகள் 75. இப்போது முப்பது லட்சத்துக்கும் மேல்.

இதற்கு ஒரு பாட்டனும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டலில் கிரான்மியர் பூல் என்ற எட்டாத இடத்தில், 1854-இல் வழிகாட்டி ஜேம்ஸ் பெரட் ஒரு பாட்டிலை வைத்தார். நடந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுப் போனார்கள். அங்கே செயற்கைக்கோள் இல்லை, கால்வலி இருந்தது.

அல்மர் வாளி வைத்த இடத்தில் இன்று இருப்பது நினைவுப் பலகைதான். இன்னும் உயிரோடு இருப்பவற்றில் மூத்த பெட்டி, அதே மே மாதம் 11-ஆம் தேதி கான்சஸ் மாநிலத்து மிங்கோவில் வைக்கப்பட்டது. கோல்பி, ஓக்லி ஊர்களுக்கு நடுவே, கோதுமை வயல்களுக்குள் கிடக்கும் குடியிருப்பு மிங்கோ. ஊர் என்று சொல்ல நகராட்சி நிர்வாகம்கூடக் கிடையாது. பக்கத்திலேயே ஐ-70 நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் பறக்கின்றன, அநேகமாக யாரும் இறங்குவதில்லை. இறங்குகிறவர்களில் பலர் இந்தப் பெட்டிக்காகவே வருகிறார்கள்.

மூத்த பெட்டி இப்படியொரு இடத்தில் பிழைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நகரத்துப் பூங்காவில் ஒளித்த பெட்டியைத் துப்புரவுக்காரர் எடுத்துவிடுவார், பிள்ளைகள் பிரித்துவிடுவார்கள், சந்தேகப்பட்ட யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் ஓடிவந்து பார்த்தால் உள்ளே பொம்மையும் பென்சிலும் இருந்த கதைகள் உண்டு. ஆள் நடமாட்டம் போன இடத்தில்தான் பெட்டி பிழைக்கும். அதனால்தான் ஒளிப்பவர்கள் கிளைச்சாலைகளையும், மூடிய பள்ளிக்கூடங்களையும், பழைய கல்லறைத் தோட்டங்களின் ஓரத்தையும் தேடிப் போகிறார்கள். பெட்டியின் குறிப்பில் ஊர்க்கதையையும் எழுதுகிறார்கள்: ரயில் எப்போது வந்தது, தபாலாபீஸ் எப்போது மூடியது, பேரை வைத்தது யார் என்று. உள்ளூர்க்காரர்களே மறந்த விவரங்கள் இப்படித் தப்பியிருக்கின்றன.

எல்லாம் இவ்வளவு அழகில்லை. நெவாடாவின் 375-ஆம் சாலை ஏறக்குறைய 158 கிலோமீட்டர். வழியில் ஐம்பது பேர் போல வாழும் ரேச்சல், மேற்கு முனையில் ஆளில்லாத வார்ம் ஸ்பிரிங்ஸ். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த விதியை அப்படியே அளந்து, சாலையோரம் நூற்றுக்கணக்கான பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். காரை நிறுத்து, கையெழுத்துப் போடு, ஓட்டு. எண்ணிக்கை கூடும், வார்ம் ஸ்பிரிங்ஸை ஏறிட்டுப் பார்க்க நேரமிருக்காது. என்னைக் கேட்டால் இது விளையாட்டில்லை, வருகைப் பதிவேடு.

மிங்கோ பக்கம் போகிறவர்கள் பேனா எடுத்துப் போங்கள். எடுத்த பெட்டியை எடுத்த இடத்திலேயே வையுங்கள். அதன் பதிவு எண் ஜிசி30.