டோட் சந்துப் பண்டகசாலை

1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள ராச்டேல் என்னும் நெசவூரில், டோட் சந்து என்ற தெருவிலே, பழைய கிடங்கொன்றின் கீழ்த்தளத்தில் ஒரு கடை திறக்கப்பட்டது. அங்கிருந்த சரக்கு 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, 6 ஹண்டர்வெயிட் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள். அத்தனைக்கும் அடக்க விலை 16 பவுன் 11 ஷில்லிங் 11 பென்ஸ். கதவு திறந்ததும் தெருச் சிறுவர்கள் திரண்டு நின்று எள்ளி நகைத்தனர் என்று இக்கடையின் வரலாற்றை எழுதிய ஹோலியோக் கூறுகிறார். ('டோட்' என்றால் தேரை. ஆயினும் 'பழைய சந்து' என்பதே ஊரார் பேச்சில் அவ்வாறு மருவிற்று என்பர். அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இங்கே சறுக்கி விழுவது நிச்சயம்.)

கடையை நடத்தியோர் 28 பேர். அவர்களிற் பலர் கம்பளித் துணி நெய்வோர். கூலி உயர்வு கேட்டுத் தோற்றிருந்த காலம் அது. வாரத்திற்கு இரண்டு பென்ஸ், மூன்று பென்ஸ் எனச் சேர்த்து, 28 பவுன் மூலதனம் திரட்டினார்கள். அந்நாளில் தொழிலாளர் சரக்கு வாங்கிய கடைகளில் கடனும் கலப்படமும் கைகோத்து உலவின. மாவிலே சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தாலும் கடன்பட்டவன் வாய்திறக்க இயலாது. கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு போக வேண்டியதுதான். அயலூரில் குடியேறி, மாதச் சம்பளத்தை எதிர்நோக்கிப் பற்றில் மளிகை வாங்கிய அனுபவமுள்ள நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ராச்டேல் நெசவாளர் கண்ட மாற்று என்ன? கலப்படமற்ற பொருள், சரியான நிறை, ரொக்க வியாபாரம் என்பன முதற்படி. அதனினும் முக்கியமானவை வேறு இரண்டு விதிகள். பங்குத்தொகை எவ்வளவாயினும் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு என்பது ஒன்று. பெண்களும் அங்கத்தினராகலாம். நகரத் தொழிலாளரிற் பெரும் பகுதியினர்க்குப் பார்லிமெண்டு வாக்குரிமை 1867-இல்தான் கிடைத்தது. பெண்களோ, அதுவும் முப்பது வயது கடந்தோர் மட்டும், 1918 வரை காத்திருக்க நேர்ந்தது. நாடு மறுத்த உரிமையை ஒரு மளிகைக் கடை வழங்கியிருந்தது.

மற்ற விதி, இலாபத்தைப் பங்கிடும் முறை பற்றியது. மூலதனத்துக்கு வரையறுத்த வட்டி மட்டுமே உண்டு. எஞ்சிய இலாபம் அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பத் திரும்பி வரும். ஐம்பது பவுன் பங்கு உடையவரும் ஒரு பவுன் பங்கு உடையவரும் ஒரே அளவு மாவு வாங்கினால் இருவர்க்கும் ஒரே தொகைதான். இதனை 'இலாப ஈவு' என்று எழுதினால் கம்பெனிப் பங்குதாரர் பெறும் ஈவு என்றே வாசகர் கருதிவிடுவர். 'கொள்முதல் ஈவு' என்று எழுதுவதே என் வழக்கம்.

1848-இல் அங்கத்தினர் 140 பேர். மறு ஆண்டு ஊரிலிருந்த சேமிப்பு வங்கி முறிந்தது. தம் பணத்தை எங்கே வைப்பது என்று திகைத்த மக்கள் நெசவாளர் கடையை நாடினர். எண்ணிக்கை 390 ஆயிற்று. 1860-இல் அது 3,450. இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்க 1853-இல் விதி செய்தனர். கடையின் மாடியில் நூலகமும் செய்தித்தாள் படிக்கும் அறையும் நடந்தன. மாவும் வெண்ணெயும் வாங்க வந்தவர் பத்திரிகையும் படித்துச் சென்றார்.

ஆனால் அந்தச் சமத்துவத்தின் எல்லை எது? ரொக்கம் கொடுக்க இயலாத பரம ஏழை அக்கடையின் வாசலை மிதிக்க முடியவில்லை. இதைவிடக் கசப்பான நிகழ்ச்சியும் உண்டு. இதே இயக்கத்தினர் 1854-இல் நூற்பாலைக்கென ஒரு சங்கம் நிறுவி, அதன் இலாபத்தில் ஆலைத் தொழிலாளர்க்கும் பங்களித்தனர். ஆலை வளர்ந்தது, புதிய பங்குதாரர் பெருகினர். 1862-இல் அவர்கள் வாக்களித்துத் தொழிலாளரின் பங்கை நீக்கிவிட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சுவரத்து நின்று லங்காஷயர் வாடிய காலம் அது. நீக்கியவர் கொடியவர் அல்லர். அவர்களுள்ளும் உழைப்பாளிகள் இருந்தனர். எல்லார்க்கும் ஒரே வாக்கு என்னும் விதி, வாக்கில்லாத தொழிலாளியைக் காக்கவில்லை.

இக்குறையைக் கடைக்கு உள்ளிருந்தே எடுத்துரைத்தவர் பெண்கள். 1883-இல் தோன்றிய மகளிர் கூட்டுறவுக் கழகம், மார்கரெட் லூவலின் டேவிஸ் காரியதரிசியாயிருந்த நாளில், கூட்டுறவுக் கடைகளிலும் ஆலைகளிலும் வேலைசெய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டுப் போராடியது. பல ஊர்ப் பண்டகசாலைகளுக்கும் சரக்கு வழங்கிய மொத்த விற்பனைச் சங்கம் 1912-இல் அதற்கு இணங்கிற்று. சரக்கை வாங்குபவர், அதை விற்கும் பெண்ணின் கூலிக்காகப் பேசியது சாதாரணச் செய்தியன்று.

ராச்டேல் விதிகளே பின்னர் உலகக் கூட்டுறவு இயக்கத்தின் கோட்பாடுகளுக்கு அடிப்படையாயின. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1995-இல் மான்செஸ்டரில் கூடியபோது, சுற்றியுள்ள சமூகத்தின் நிலைத்த வளர்ச்சிக்காகப் பாடுபடுவது என்பதை ஏழாவது கோட்பாடாகச் சேர்த்தது.

நம் நாட்டில் இவ்வித்து சென்னைத் திருவல்லிக்கேணியிலே விழுந்தது. அங்கே ஆசிரியப் பணியாற்றிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரும் நண்பர்களும் ராச்டேலை முன்மாதிரியாகக் கொண்டு 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு பிறந்த சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களை மட்டுமே மனத்திற்கொண்டது. பண்டகசாலைகளுக்கு வழிவிட்ட சட்டம் 1912-இல்தான் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே திருவல்லிக்கேணிக் குடும்பங்களுக்காக அக்கடை தோன்றிவிட்டது. சென்னை செல்லும் நேயர்கள் 'காமதேனு' என்ற பெயர்ப்பலகையைக் கண்டால், அது அந்தச் சங்கத்தின் கடையே.