படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்

மலருக்காக நம் குழுக்களின் பழைய தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினோம். ஒரு சகோதரிக்குத் தொடர்ந்து ஏழு கூட்டம் அபராதம் போட்டிருக்கிறது. காரணம் ஒரே வரி: "மாமியாருக்குச் சுகமில்லை." பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் புரட்டிப் போட, துடைத்துவிட, அவரை விட்டால் வீட்டில் ஆள் இல்லை. அபராதம் வாங்கியது எழுதியிருக்கிறது. "எப்படி இருக்கே தாயி?" என்று யாரும் கேட்டதாக எழுதவில்லை.

முதியோர் உதவித்தொகை நம் மாநிலத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது; 2023-ல் 1,200 ஆனது. பெற்றோரைக் காப்பாற்றுவது பிள்ளைகள் கடமை என்று 2007-ல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் இல்லை. கஞ்சி ஊட்டுவது யார் என்று நமக்குத்தான் தெரியுமே!

பார்த்துக்கொள்கிறவரின் பாரத்தை 1980-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட்டும் உடனிருந்தவர்களும் அளந்து பார்த்தார்கள். மறதி நோய் வந்த முதியவர்களைக் கவனித்த 29 பேரிடம் கேட்டார்கள். நோயாளி படுத்தும் பாட்டைப் பொறுத்து அந்தப் பாரம் கூடவோ குறையவோ இல்லையாம். சொந்தக்காரர்கள் எத்தனை தடவை வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பதோடுதான் அது சேர்ந்து நின்றது. ஆள் வந்துபோன வீட்டில் பாரம் குறைவு. இதை நம் பாட்டிமார்கள் ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்கள்.

மதுரையில் மனநலத்துக்கென்றே எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992-ல் தொடங்கியது. ஆனாலும் "மனசு சரியில்லை" என்று டாக்டரிடம் போக நம்மவர்களுக்கு இன்னும் கூச்சம். பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களே.

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. குழுப் பெண்களே தன்னார்வலர்களாக பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசல் ஏறினார்கள். படுக்கையில் கிடப்பவருக்குப் பார்த்த கையோடு, பக்கத்தில் நிற்பவருக்கும் பிரஷர் பார்த்தால் தேவலை.

அந்தச் சகோதரியைத் தேடிப் போனோம். "ஒருநா கையை ஓங்கிட்டேன்க்கா. அடிக்கல. ராத்திரி பூரா அழுதேன். யார்கிட்டச் சொல்ல?" என்றார். மாமியார் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. இப்போது அப்பா படுக்கையில்.

கூட்டத்துக்கு 5 ரூபாய் வீதம் 35 ரூபாயைத் திருப்பித் தரத் தீர்மானம் போட்டிருப்பதாகச் சொன்னோம்.

"அது கெடக்கட்டும்க்கா. வியாழக்கெழம யாராச்சும் ஒரு மணி நேரம் வந்து அப்பாகூட உக்காருங்க. நான் தலைக்குக் குளிச்சு நாளாச்சு."