கைமாறிய நஞ்சு

டாக்ஸ்-ஏ மிகச் சிறிய மரபணு. அது உண்டாக்கும் புரதத்தில் 178 அமினோ அமிலங்கள்தான். அதிலும் முன்பகுதி வெட்டுப்பட்டு, மிச்சம்தான் நஞ்சாகிறது. கோதுமை இலையில் பழுப்புப் புள்ளி வைக்கும் பைரினோஃபோரா என்ற பூஞ்சையிடம்தான் முதலில் அது அகப்பட்டது. 1940களுக்கு முன் அந்தப் பூஞ்சையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. புல்லில் கிடந்தது, கோதுமையைக் கருக்கத் தொடங்கியது எப்படி?

விடை கிடைத்தது நோடோரம் என்ற இன்னொரு பூஞ்சையின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது. அதிலும் அதே மரபணு, அநேகமாக எழுத்துக்கு எழுத்து அப்படியே! இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். மற்ற மரபணுக்களில் இந்த அளவு ஒற்றுமை இல்லை. ஃப்ரீசன், ஆலிவர் உள்ளிட்டோர் 2006இல் இதை வெளியிட்டார்கள். யார் யாருக்குக் கொடுத்தது? நோடோரத்தில் டாக்ஸ்-ஏவுக்குப் பல வடிவங்கள். பைரினோஃபோராவில் அவர்கள் கண்டது ஒன்றே ஒன்று. நெடுங்காலம் குடியிருந்த இடத்தில்தானே வேறுபாடுகள் சேரும்? ஆகவே நோடோரம்தான் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் 1941க்குச் சற்று முன்பு என்று கணித்தார்கள்.

பிறகு ஆஸ்திரேலியாவில் பைபோலாரிஸ் என்ற மூன்றாவது பூஞ்சையிலும் அது இருப்பது தெரிந்தது. இந்தியக் கோதுமை வயல்களிலிருந்து எடுத்த பைபோலாரிஸிலும் உண்டு. மரபணு தனியாகப் பயணம் செய்யவில்லை. சுமார் 14,000 எழுத்து நீளமுள்ள, இடம்விட்டு இடம் தாவக்கூடிய ஒரு டிஎன்ஏ துண்டுக்குள் உட்கார்ந்தபடி வந்திருக்கிறது என்று மேகன் மெக்டொனால்டு குழுவினர் 2019இல் காட்டினார்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் பூஞ்சையைவிடச் சுவையான பாத்திரம் கோதுமைதான். டிஎஸ்என்1 என்ற மரபணு உள்ள கோதுமையை மட்டுமே இந்த நஞ்சு கொல்லும். அது இல்லாத செடிக்கு டாக்ஸ்-ஏவால் ஒன்றும் ஆகாது. பார்த்தால் டிஎஸ்என்1 நோயெதிர்ப்பு மரபணுவின் சாயலில்தான் இருக்கிறது. எதிரி வந்ததும் செல்லைத் தற்கொலை செய்ய வைப்பது அந்த வகை மரபணுக்களின் வேலை. உயிருள்ள திசுவை உண்ணும் பூஞ்சையைப் பட்டினி போட அது நல்ல உத்தி. ஆனால் இந்த மூன்று பூஞ்சைகளும் செத்த திசுவைத் தின்பவை. செடியின் தற்காப்பே இவற்றுக்குச் சமைத்த சோறு.

டாக்ஸ்-ஏவின் பயணம் பூஞ்சைகளோடு முடியவில்லை. அடுத்த தாவலைச் செய்து வைத்தவர்கள் மனிதர்கள். ஆஸ்திரேலியாவில் அதைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, நஞ்சைத் தயாரித்து, கோதுமை ரகங்களை உருவாக்குவோருக்குக் கொடுத்தார்கள். இளம் நாற்றின் இலையில் ஊசியில்லா சிரிஞ்சால் அதைச் செலுத்துவார்கள். சில நாளில் இலை கருகினால் டிஎஸ்என்1 இருக்கிறது என்று பொருள். அந்த நாற்றைக் கழித்துவிடுவார்கள்.