ஊர் பேர் கேளாமல் கரை சேர்த்தவர்கள்

நான் பத்திரிகையாளனாவதற்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவனாக இருந்த காலத்தில், அயல்வீட்டு மாமிக்குப் பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டுவது என் மாலை நேரக் கடமையாக இருந்தது. மாமியின் மூத்த மகன் அப்போது மேற்கு ஜேர்மனியில் அகதியாக இருந்தார். 1986 ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு நாள், கனடாவுக்கு அண்மையில் கடலில் தத்தளித்த தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்ற செய்தியை வாசித்தேன்.

"தம்பி, பேர் ஏதும் போட்டிருக்கே?" என்று மாமி கேட்டார்.

"இல்லை மாமி. ஆனால் அவை இந்தியாவிலையிருந்து கப்பலேறினவையாம்."

மாமி பெருமூச்சு விட்டார். மகன் ஜேர்மனியில் அல்லவா இருக்கிறான்! அந்த நிம்மதி சில நாட்களே நீடித்தது. கப்பல் புறப்பட்டது இந்தியாவிலிருந்து அல்ல, மேற்கு ஜேர்மனியிலிருந்து என்ற அடுத்த செய்தியையும் நானே வாசிக்க நேர்ந்தது. அன்று மாமி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நடந்தது இதுதான். 1983 ஜூலைக்குப் பின்னர் எமது இளைஞர்கள் பலர் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து மேற்கு ஜேர்மனியில் அடைக்கலம் கோரினார்கள். அங்கே உயிருக்கு ஆபத்து இருக்கவில்லை. ஆனால் அகதி விண்ணப்பதாரிகள் வேலை செய்வதற்கும், ஒதுக்கப்பட்ட பிரதேசத்தை விட்டு வெளியேறுவதற்கும் தடைகள் இருந்தன. காணியை ஈடு வைத்தும் நகையை விற்றும் அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஊருக்கு ஒரு சதமும் அனுப்ப முடியாமல் முகாம்களில் முடங்கிக் கிடந்தார்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் பணம் கொடுத்து 'ஒறிகே' என்ற சரக்குக் கப்பலில் ஏறினார்கள். அற்லான்ரிக் சமுத்திரத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், அக்கப்பல் அவர்களை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. சிறுவர்களும் பெண்களும் உட்பட 155 பேர். மூன்று நாட்கள் அளவில் அவர்கள் மூடுபனிக்குள் மிதந்தார்கள்.

நியூபவுண்ட்லாந்தின் தென்கோடியில் செயின்ற் சொட்ஸ் என்றொரு சிறு மீனவக் கிராமம் உண்டு. மூடுபனிக்கும் கப்பல் விபத்துகளுக்கும் பேர்போன கரை அது. 1912இல் ரைற்றானிக் கப்பல் அனுப்பிய அபாயச் செய்திகளைக் கேட்ட கேப் றேஸ் நிலையமும் அக்கரையோரத்தில்தான் இருந்தது. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, அக்கடலில் தொழில் செய்துகொண்டிருந்த அட்மிரல்ஸ் பீச் என்ற சிற்றூரின் மீனவர் கஸ் டோல்ரன் அந்த இரண்டு படகுகளையும் கண்டார். அவருடைய 'அற்லான்ரிக் றீப்பர்' பெரிய கப்பலன்று. சாதாரண மீன்பிடிப் படகு. தொழிலை நிறுத்திவிட்டு அவர் அவர்களை ஏற்றத் தொடங்கினார். வானொலி மூலம் செய்தி கேட்டு வேறு மீன்பிடிப் படகுகளும் வந்து சேர்ந்தன. ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் அரசாங்கக் கப்பலொன்று அனைவரையும் செயின்ற் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டு சென்றது. மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது.

அதன் பின்னரே விசாரணை ஆரம்பமாயிற்று. இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னது பொய் என்று தெரியவந்ததும் கனடாவின் பல பகுதிகளில் கோபம் எழுந்தது. பாதுகாப்பான நாடொன்றில் இருந்தவர்கள் எப்படி அகதிகளாவார்கள் என்று கேட்டார்கள். அக்கேள்வியை அநியாயமானது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பொய் பொய்தான். ஆனால் ஜேர்மனிக்குத் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற அச்சத்தில் பிறந்த பொய் அது. பிரதமர் பிறயன் மல்றோனி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்தார். ஓராண்டு தங்கியிருந்து வேலை செய்ய அமைச்சரின் அனுமதிப் பத்திரம் வழங்கப்பட்டது. பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று வாழ்வைத் தொடங்கினார்கள்.

ஆயினும் அந்த விவாதம் எதுவும் தொடங்குவதற்கு முன்னரே அவர்களுடைய உயிர் காப்பாற்றப்பட்டுவிட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அரசாங்கம் 'நீ யார், எங்கிருந்து வந்தாய்' என்று கேட்டது. அது அரசாங்கத்தின் வேலை. நீரில் கிடப்பவனைத் தூக்கும் மீனவனுக்கு அக்கேள்விக்கு நேரமில்லை.

அத்தீவின் வரலாற்றில் இது முதற்தடவையும் அல்ல. 1942 பெப்ரவரி 18ஆம் திகதி அமெரிக்கக் கடற்படையின் 'ட்றக்ஸ்ரன்', 'பொலக்ஸ்' என்ற இரு கப்பல்கள் பனிப்புயலில் அதன் தென்கரைப் பாறைகளில் மோதி 203 பேர் மாண்டனர். செயின்ற் லோறன்ஸ், லோன் என்ற இரு சிற்றூர்களின் சுரங்கத் தொழிலாளரும் மீனவரும் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவர்களோடு 186 பேர் உயிர் பிழைத்தனர். அவர்களுள் ஒருவர் லனியர் பிலிப்ஸ் என்ற கறுப்பின மாலுமி. எண்ணெய் படிந்த அவருடைய உடலைக் கழுவிய ஊர்ப் பெண்கள் கறுப்பு நிறமும் எண்ணெய்தான் என்று எண்ணித் தேய்த்தார்களாம். தம்மை ஒரு மனிதனாக நடத்திய அந்த வீடுகள்தாம் தமது வாழ்வை மாற்றின என்று அவர் 2012இல் இறக்கும்வரை சொல்லிவந்தார்.

வரலாற்றின் கொடுமை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். எமது மக்களைக் காப்பாற்றி ஆறே ஆண்டுகளில், 1992 ஜூலை 2ஆம் திகதி, கொட் மீன்வளம் அழிந்துபோனதால் கனடிய அரசாங்கம் அத்தொழிலுக்குத் தடை விதித்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் தொழில் இழந்தனர். நூற்றாண்டுகளாகக் கடலையே நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஊரைப் பூட்டிவிட்டுப் பெருநகரங்களுக்குப் போனார்கள். 1980களில் கடல்வலயத் தடையால் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு நின்ற எமது வடபகுதி மீனவரை அறிந்தவர்களுக்கு அந்தத் துயரம் விளங்கும். ஒருபுறம் யுத்தம், மறுபுறம் மீனின் அழிவு. காரணங்கள் வேறு, வெறிச்சோடிய கரை ஒன்றுதான்.

காலமும் மாறிவிட்டது. 2010 ஆகஸ்டில், கனடாவின் மறுகரையான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது, அவர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். சிலர் பல மாதங்கள் உள்ளே இருந்தார்கள். அந்தக் கப்பலை எதிர்கொண்டது மீன்பிடிப் படகு அல்ல, கடற்படை.

2016இல், முப்பதாவது ஆண்டு நிறைவின்போது, 1986இல் உயிர் தப்பியவர்களில் சிலர் நியூபவுண்ட்லாந்துக்குச் சென்று கஸ் டோல்ரனைச் சந்தித்தார்கள். அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் நரைத்த தலையோடு அவருடைய கையைப் பற்றி நன்றி சொன்னார்கள். அச்செய்தியை இணையத்தில் வாசித்தபோது எனக்கு மாமியின் நினைவு வந்தது.

மாமியின் மகன் அந்தக் கப்பலில் ஏறவில்லை. செய்தி வந்து ஒரு மாதத்துக்கு மேலான பின்னரே ஜேர்மனியிலிருந்து அவருடைய கடிதம் வந்தது. அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். மாமி கடிதத்தை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, சற்று நேரம் கழித்துக் கேட்டார்:

"தம்பி, அந்தப் பிள்ளையளைத் தூக்கின மனிசன்ரை பேர் என்ன?"

எனக்கு நினைவில்லை. நான் வாசித்த செய்தியில் அமைச்சர்களும் அதிகாரிகளும்தான் என் மனதில் பதிந்திருந்தார்கள்.

"ஆராயிருந்தாலும் அவன்ரை பிள்ளை குட்டியள் நல்லா இருக்கோணும்" என்றார் மாமி.

இத்தனை ஆண்டுகள் செய்தி எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: அன்று மாமி கேட்டதுதான் சரியான கேள்வி. மாமி இன்று இல்லை. பதிலை நான் தாமதமாகவேனும் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் பெயர் கஸ் டோல்ரன், ஊர் அட்மிரல்ஸ் பீச், தொழில் மீன்பிடித்தல்.