பையும் பொறியும்



தாயகத்தை விட்டு வெகு தொலைவில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் மாதந்தோறும் நிகழும் ஒரு சிறு காட்சியோடு இப்பேச்சைத் தொடங்குகிறேன். மும்பையின் மாதுங்காவிலோ டில்லியின் கரோல்பாக்கிலோ, கடைக்காரர் ஒரு மூட்டைப் பொன்னி அரிசியை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார். மூட்டையின் வாய் கனத்த நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. நாம் கத்தரிக்கோலைத் தேடி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டுகிறோம், நூல் சிக்கிக்கொள்கிறது. அப்பொழுது வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, சரியான முனையைப் பற்றி ஒரே இழுப்பாக இழுக்கிறார். தையல் முழுவதும் சரசரவெனப் பிரிந்து, மூட்டை வாயைத் திறந்துகொள்கிறது.

அது சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணிக்குள் நுழைந்து நிற்பது. தையல் தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் இறுகும். முடிந்த முனையிலிருந்து இழுத்தால் அவிழும். இந்தத் தையலைப் போட்டது ஓர் இயந்திரம். அந்த இயந்திரத்துக்கு முன்னே, கோணி ஊசியும் சணல் நூலுமாகக் குந்தியிருந்து தைத்தவை மனிதரின் கைகள். ஒரு பண்டத்தைப் பையிலிட்டு விற்பதற்குள் நான்கு செயல்கள் உண்டு: பையைச் செய்தல், அளத்தல், நிரப்புதல், வாயை மூடுதல். இந்நான்கையும் கைகள் செய்துவந்தன. அவற்றைப் பொறிகள் எவ்வாறு கற்றுக்கொண்டன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பையைச் செய்தல். 1852-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெத்லகேம் நகரைச் சேர்ந்த ஆசிரியர் பிரான்சிஸ் வோல் என்பவர், காகிதப் பை செய்யும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அப்பொறி விரைவாகவே பைகளை ஈன்றது. ஆயின் அவை கடித உறையைப் போலத் தட்டையானவை, அடிப்பாகம் அற்றவை. மேசைமீது நிறுத்தினால் சாய்ந்துவிடும். ஒரு கையால் பையை விரித்துப் பிடித்து, மறு கையால் பண்டத்தை இடவேண்டும். நிற்கும் பை வேண்டுமானால், தொழிலாளர் ஒவ்வொன்றாகக் கையால் மடித்துப் பசை தடவி ஒட்டியே தீரவேண்டும். பொறி பாதி வழி வந்து நின்றுவிட்டது.

மீதி வழியைக் கண்டவர் ஒரு தொழிலாளப் பெண்மணி. மார்கரெட் நைட் என்பது அவர் பெயர். 1838-இல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, சிறுமியாய் இருக்கும்பொழுதே பஞ்சாலை வேலைக்குச் சென்றவர். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், தறியிலிருந்து தெறித்த ஓடம் ஒன்று ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியதைக் கண்டு, அவ்வாறு நேராமல் தடுக்கும் கருவி ஒன்றைச் சிந்தித்துச் செய்ததாக அவர் வரலாறு கூறுகிறது. அதற்கு அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை.

1860-களின் பிற்பகுதியில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இருந்த காகிதப் பைத் தொழிற்சாலை ஒன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். தட்டை அடியுள்ள பைகள் கையால் மடிக்கப்படுவதை நாள்தோறும் பார்த்தார். விரல்கள் எங்கே அழுத்துகின்றன, எந்த மடிப்பு முதலில், எது அடுத்தது, பசை எந்த நொடியில் வருகிறது என்பவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டார். இரவுகளில் படம் வரைந்தார். மரத்தால் மாதிரி செய்தார். அவர் கண்ட முறை இது: சுருளிலிருந்து வரும் காகிதம் முதலில் குழாயாக ஒட்டப்படுகிறது, குழாயின் முனையை ஒரு தகடு உள்ளே தள்ளி விரித்து மடிக்கிறது, பிறகு இரு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பசையால் ஒட்டிக்கொள்கின்றன. கையின் வேலை படிப்படியாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் உறுப்பு அமைந்தது.

மர மாதிரியை இரும்பில் வார்க்க வேண்டிப் பாஸ்டன் நகரின் பட்டறைகளுக்குக் கொண்டு சென்றார். அங்கே அப்பொறியைக் கண்ட சார்லஸ் அன்னன் என்பவர், அதனைத் தம் கண்டுபிடிப்பாகவே பதிந்துகொள்ள முந்திவிட்டார். மார்கரெட் நைட் வழக்குத் தொடர்ந்தார். இத்துணைச் சிக்கலான பொறியை ஒரு பெண் புரிந்திருக்கவும் இயலாது என்று எதிர்த்தரப்பு வாதித்ததாகச் சொல்வர். அவரோ தம் வரைபடங்களையும், குறிப்பேடுகளையும், மாதிரிகளையும், உடனிருந்து பார்த்தவர்களையும் சான்றாக நிறுத்தினார். தீர்ப்பு அவர் பக்கம் ஆயிற்று. 1871-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் காப்புரிமை அவர் பெயரால் வழங்கப்பட்டது.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1883-இல், சார்லஸ் ஸ்டில்வெல் என்பவர் பக்கங்களிலும் மடிப்பு வைத்த பைக்கான பொறியை அமைத்தார். அப்பை தட்டையாக அடுக்கப்படும். ஓர் உதறு உதறினால் விரிந்து தானே நிற்கும். கடைக்காரருக்கு இப்பொழுது இரண்டு கைகளும் விடுதலை ஆயின.

பை நின்றது, இனி நிரப்ப வேண்டும். இங்கே சிக்கல் முன்னிலும் கடியது. காகிதம் ஒரே இயல்புடையது. பையில் விழும் பண்டமோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம் உடையது. அரிசி ஓடும்; சர்க்கரை கட்டிபடும்; மாவு பறக்கும். எல்லாவற்றிலும் கொடியது சிமெண்டு. திறந்த வாயுள்ள சாக்கில் அதைக் கொட்டும்பொழுது எழும் தூள், நிரப்புபவரின் கண்ணிலும் நெஞ்சிலும் படிந்தது. வாயைக் கட்டுபவரும் அதே தூளுக்குள் நின்றார்.

இதற்கு விடையாக வந்தது வால்வுப் பை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, அமெரிக்கரான அடெல்மர் பேட்ஸ் இதனைப் பரப்பினார். கேட்பதற்கு விந்தையாக இருக்கும்: பையை நிரப்பிய பின் மூடுவதற்கு மாறாக, மூடிய பின்பே நிரப்பினார்கள்! வெறும் பையின் இரு முனைகளும் முன்னரே அடைக்கப்படுகின்றன. ஒரு மூலையில் மட்டும் மடிப்பினாலான சிறு வழி இருக்கும். பொறியின் குழாய் அதற்குள் நுழைகிறது. காற்றூட்டிய சிமெண்டு நீரைப்போல் இளகி ஓடும். குழாய் வழியே பைக்குள் பாய்கிறது. உரிய எடை வந்ததும் பாய்ச்சல் நிற்கிறது. குழாயை உருவியவுடன், உள்ளிருக்கும் சிமெண்டே அந்த மடிப்பை அழுத்தி வழியை அடைத்துவிடுகிறது. தையலும் வேண்டா, கட்டும் வேண்டா. பின்னாளில் இத்தகைய குழாய்கள் பலவற்றைச் சுழலும் வட்டத்தில் பொருத்தினர். ஒரு பை நிரம்பிக்கொண்டிருக்கையில் அடுத்தது மாட்டப்படும், மற்றொன்று விழும். இன்று நம் நாட்டுச் சிமெண்டு ஆலைகளில் 50 கிலோ பைகள் இம்முறையிலேயே நிரம்பி இறங்குகின்றன.

ஒரு தடை நீங்கியதும் அடுத்த தடை கண்ணுக்குத் தெரிவது தொழிலின் இயல்பு. பெரிய மூட்டைகளுக்கு வழி பிறந்தபின், சிறிய பொட்டலங்களின் வேலை பின்தங்கி நின்றது. பையை ஓரிடத்தில் செய்து, அடுக்கி, வேறோரிடத்துக்கு அனுப்பி, அங்கே பிரித்து, நிரப்பி, மூடுவது ஏன்? மூன்றையும் ஒரே பொறி ஒரே மூச்சில் செய்தால் என்ன?

இக்கேள்விக்கு முதலில் பொருள் கிடைக்கவேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜாக் பிராண்டன்பெர்கர் 1908-ஐ ஒட்டி செல்லோபேன் என்னும் கண்ணாடித் தாளைக் கண்டார். 1927-இல் அமெரிக்காவில் அதன்மீது ஈரம் புகாத மெல்லிய பூச்சு ஏற்றப்பட்டது. சூடான இரும்பால் அழுத்தினால் இரு தாள்கள் ஒட்டிக்கொண்டன. ஊசி, நூல், பசை ஆகிய மூன்றுக்கும் வெப்பம் மாற்றாயிற்று. 1936-இல் வால்ட்டர் ஸ்வாயர் என்பவர், மிட்டாய் நிறுவனம் ஒன்றோடு பணியாற்றிய காலத்தில், செங்குத்தாக நிற்கும் பொட்டலப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் அமைப்பை மனக்கண்ணால் காணுங்கள். மேலே தாள் சுருள். சட்டையின் கழுத்துப்பட்டியைப் போல் வளைந்த ஒரு தகட்டின்மீது தாள் ஏறி, நடுவிலுள்ள குழாயைச் சுற்றிக்கொள்கிறது. அதன் இரு ஓரங்களும் நெடுகச் சூட்டால் ஒட்டப்படுகின்றன. குழாயின் வழியே மேலிருந்து பண்டம் விழுகிறது. கீழே இரண்டு சூடான தாடைகள் குறுக்கே கடிக்கின்றன. அந்த ஒரே கடியில் மூன்று வேலை: கீழ்ப் பையின் வாய் மூடுகிறது, மேல் பையின் அடி அமைகிறது, நடுவே கத்தி வெட்டி இரண்டையும் பிரிக்கிறது. விடியற்காலையில் நம் வாசலுக்கு வரும் பால் உறையை எடுத்துப் பாருங்கள். மேலும் கீழும் குறுக்கே ஒவ்வோர் ஒட்டு, நெடுக ஒன்று. அப்பொறி விட்டுச்சென்ற தடயம் அது.

இப்பொறி வேகமாக ஓடத் தொடங்கியதும் அளத்தல் பின்தங்கியது. உருண்டு ஓடும் தானியத்தைப் படியால் அளக்கலாம். ஒன்றுக்கொன்று பருமன் மாறுபடும் காய்களை என்செய்வது? ஜப்பானில் குடமிளகாய் விளைவித்தோரின் கூட்டுறவுச் சங்கம் இந்தத் துன்பத்தை எடுத்துரைத்தது. ஒரு காய் ஏறத்தாழ 35 கிராம் என்று கொள்வோம். 150 கிராம் பொட்டலத்துக்கு நான்கு காய் போதா, ஐந்து மிகும். மிகுந்தால் உழவருக்கு இழப்பு, குறைந்தால் வாங்குவோருக்கு. தொழிலாளர் காயை எடுத்தும் மாற்றியும் தராசின் முன் நேரம் கழித்தனர்.

கியோத்தோ நகரின் இஷிடா நிறுவனம் 1972-இல் கொடுத்த விடை கணக்கில் பிறந்தது. வட்டமாகப் பத்துத் தட்டுகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சிறிய எடை விழுகிறது. எதுவும் சரியாக இருக்கவேண்டியதில்லை. பத்துத் தட்டுகளிலிருந்து ஒன்றையோ பலவற்றையோ தேர்வதற்கு 1023 வழிகள் உண்டு. அவற்றுள் வேண்டிய எடைக்கு மிக நெருங்கிய சேர்க்கையைக் கணிப்பொறி நொடிப்பொழுதில் கண்டுபிடித்து, அத்தட்டுகளை மட்டும் திறக்கிறது. கறிகாய்க் கடையில் ஒரு சிறிய காயை எடுத்துப் பெரிய காயை வைக்கும் கடைக்காரரின் கைப்பழக்கம் இங்கே கணக்காக மாறியிருக்கிறது.

இயக்கும் முறையும் திருந்தியது. பழைய பொறிகளில் ஒரே நீண்ட அச்சின்மேல் காம் எனப்படும் கோணல் சக்கரங்கள் பல சுழன்று, ஒவ்வொரு உறுப்பையும் உரிய கணத்தில் தள்ளின. பையின் நீளத்தை மாற்ற வேண்டுமானால் பொறியை நிறுத்தி உறுப்புகளைக் கழற்றி மாட்டவேண்டும். இப்பொழுது உறுப்புக்கு ஒரு ஸர்வோ மோட்டார் அமைகிறது. அளவை எண்ணாகக் கொடுத்தால் போதும். தாளில் அச்சிட்ட சிறு கறுப்புக் குறியை ஒளிக்கண் பார்த்து, பெயரும் படமும் நடுவில் வெட்டுப்படாமல் காக்கிறது.

இவற்றால் யாருக்கு நன்மை என்று கேட்கலாம். ஆலை முதலாளிக்கு நன்மை என்பது வெளிப்படை. தலைச்சுமைத் தொழிலாளிக்கு? நம் நாட்டில் முன்னாளில் தானிய மூட்டை நூறு கிலோவை ஒட்டியிருந்தது. கையால் நிரப்பிக் கையால் தைக்கும் காலத்தில், பெரிய மூட்டையே சிக்கனம். பாதி எடையென்றால் தையல் இரு மடங்காகும். அந்தச் சிக்கனத்தைச் சுமந்தவை துறைமுகத்திலும் ரயில் நிலையச் சரக்குக் கூடத்திலும் வளைந்த முதுகுகள். பிழைப்புத் தேடி ஊர்விட்டுச் சென்ற நம்மவருள் சிலருடைய முதுகுகளும் அவற்றுள் உண்டு. 1967-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஒருவர் சுமக்கத்தக்க எடை பற்றிய உடன்படிக்கையை இயற்றியது. வளர்ந்த ஆடவர் ஒருவருக்கு 55 கிலோ உச்சவரம்பு என்னும் பரிந்துரையும் அதனோடு வந்தது. நிரப்புவதும் தைப்பதும் பொறியின் வேலையான பிறகு, சிறு மூட்டைக்கு ஆகும் கூடுதல் செலவு கரைந்தது. இன்று 50 கிலோ பை வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சிமெண்டே 25 கிலோ பையில் வருகிறது.

குறையும் உண்டு, அதை மறைக்கலாகாது. பொட்டலம் எளிதானதால் பொட்டலங்கள் பெருகின. பல அடுக்குப் பிளாஸ்டிக் உறைகள் சாக்கடைகளை அடைக்கின்றன. அடுக்குகள் பிரிக்க இயலாதவாறு ஒன்றியிருப்பதால் அவற்றை மறுபடி உருக்கிப் பயன்படுத்துவது கடினம். ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன தாளைக் கொண்டுவர இப்பொழுது முயல்கின்றனர். ஆனால் அத்தாள் சற்றுச் சூடு மிகுந்தால் சுருங்கும், குறைந்தால் ஒட்டாது. ஆகவே தாடைகளின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் முன்னினும் நுட்பமாக ஆளும் பொறிகள் வேண்டியிருக்கின்றன. பொறியாளரின் அடுத்த வேலை அங்கே காத்திருக்கிறது.

நேயர்களே, தறியின் பக்கத்தில் நின்ற சிறுமி, தூளில் இருமிய சிமெண்டுத் தொழிலாளி, தராசின் முன் காயை மாற்றி மாற்றி வைத்த கை: இப்பொறிகள் ஒவ்வொன்றுக்கும் முன்னே இத்தகைய ஒருவர் இருந்தார். வேலை எங்கே தடுக்கிறது என்பதை முதலில் அறிபவர் அவரே. மார்கரெட் நைட் அதை அறிந்ததோடு, தாம் அறிந்ததைத் தம் பெயரால் நிலைநாட்டவும் செய்தார். உங்கள் தொழிற்சாலையிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ ஒரு தடை உங்கள் கண்ணில் பட்டால், அதைக் குறித்து வையுங்கள். படமாக வரைந்து தேதியிட்டு வையுங்கள்.

அடுத்த அரிசி மூட்டை வந்ததும் கத்தரிக்கோலைத் தேடவேண்டா. தையல் முடிந்த முனையைப் பார்த்து இழுங்கள்.