முன்தகுதி யாரைக் கேட்கிறது?

அம்பேத்கரைச் சட்ட மேதை என்று சொல்லிச் சொல்லியே, அவர் முதலில் பொருளாதாரம் படித்தவர் என்பதை நம்மாட்களே மறந்துட்டோம். கொலம்பியாவில் பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள். 1916 அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போகிறார். லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றுகூட கையில் கிடையாது. ஆனாலும் உயர்பட்டப் படிப்பைத் தொடங்க அனுமதித்தார்கள். பேராசிரியர் செலிக்மன் நியூயார்க்கிலிருந்து எழுதிய பரிந்துரையும் இருந்தது. தயவு பண்ணி உள்ளே விடல. எவ்வளவு படிச்சிருக்கார்னு பார்த்தாங்க. 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. வாங்கினார்.

இங்கே யார் அப்படிப் பார்த்தார்கள்? பள்ளியில் சமஸ்கிருதம் கேட்டவருக்குப் பாரசீகம்தான் கிடைத்தது. உதவித்தொகை முடிந்து 1917இல் ஊர் திரும்பி, 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று சக பேராசிரியர்கள் கிளம்பினார்கள். கொலம்பியா எம்.ஏ. அந்தப் பானைக்குப் போதவில்லை.

சமத்துவம், சகோதரத்துவம் பேசிய பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரி மட்டும் என்ன வாழ்ந்தது? கல்வே சுப்பராயச் செட்டியார் 1877இல் தொடங்கிய கல்வே கல்லூரி சாதி இந்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் 1885இல்தான் கதவு திறந்தது. எட்டு வருஷம் அங்கே பிறப்புதான் முன்தகுதி.

என் காலத்தில் யாரும் சாதியைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டார்கள். இதே ஊரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும்போது கணிதப் பொருளாதாரத்தை விருப்பப் பாடமாகக் கேட்டேன். ப்ளஸ் டூவில் நான் வரலாறு குரூப்; எங்க காலனிப் பிள்ளைகள் போகிற பள்ளியில் கணக்கு குரூப்பே கெடையாது. "அடிப்படை இல்லாம ஏம்ப்பா வந்து மாட்டிக்கிற? வேற பேப்பர் எடு" என்றார் ஆசிரியர். அதே வாரம், என்னைப் போலவே கணக்கு படிக்காத இன்னொருவனுக்குக் கையெழுத்துப் போட்டார். கேட்டதற்கு, "அவங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க, சமாளிச்சுடுவான்."

நான் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கவில்லை. வேணும்னா பரீட்சை வெச்சுப் பாருங்க சார் என்றேன். எனக்கு வைத்தார்கள்; அவனுக்கு வைக்கவில்லை. பி.எஸ்சி. கணிதம் முடித்த காலனி அண்ணன் ஒருவர் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக வகையீடும் அணியும் சொல்லிக் கொடுத்தார். தேறினேன். கணக்கு தேவையில்லாத பாடம் என்று நான் சொல்லமாட்டேன். அணி தெரியாமல் உள்ளீடு-வெளியீடு அட்டவணையைத் தொட முடியாது. ஆனால் ஒரு மாதத்தில் அடைக்கக்கூடிய பள்ளம் அது.

விலக்கு கொடுக்கட்டும். யாருக்கு, எந்தக் காரணத்துக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நான் படித்த இரண்டு வருஷத்தில் அப்படியொரு தாள் அங்கே ஒட்டப்படவில்லை.